பழைய மடக்கு மேசை: வயசுக்குக் காசு கொடுக்காதீங்க, கீலுக்குக் கொடுங்க!

மதுரை கோச்சடையில், மேலக்கால் சாலையை ஒட்டிய அபார்ட்மென்ட் ஒன்றில் 2 பெட்ரூம் வீடு. ஹாலில் டைனிங் டேபிள் போட்டால் நடக்க இடமில்லை. போடாவிட்டால், முழங்கால் வலியோடு ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை எங்கே உட்காரவைத்துச் சாப்பாடு போடுவது? சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் ஆறு பேர் வந்து நின்றால் என்ன செய்வது? மற்ற நாளில் லேப்டாப்பை எங்கே வைப்பது?

இந்தக் கேள்விக்கு இன்ஸ்டாகிராம் கைவசம் வைத்திருக்கும் பதில்: ‘வின்டேஜ் ஃபோல்டிங் டேபிள்.’ தேக்கு மரம், பித்தளைக் கீல், மடக்கினால் சுவரோரம் ஒதுங்கிவிடும். போட்டோவில் அழகாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே இருக்குமா? எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது? பார்த்துவிடுவோம்.

உங்க டைனிங் டேபிள் எத்தனை லட்சம்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நாலு பேர் உட்காரும் சாதாரண மேசை 4 அடி நீளம், இரண்டரை அடி அகலம். பரப்பு 10 சதுர அடிதானே என்று தோன்றும். ஆனால், நாற்காலியை இழுத்து உட்கார்ந்து எழ, இரண்டு பக்கமும் தலா இரண்டரை அடி வேண்டும். ஆக மொத்தம் ஏழரை அடிக்கு 4 அடி, அதாவது 30 சதுர அடி. 10-க்கு 12 அடி ஹாலில் இது கால்வாசி இடம்.

உதாரணத்துக்கு, உங்கள் ஃபிளாட்டின் விலை சதுர அடிக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 30 சதுர அடித் தரையின் மதிப்பு ஒன்றரை லட்சம். மேசையின் விலை தனி. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் சாப்பிடுவதற்காக, மீதி 23 மணி நேரமும் அந்தத் தரைக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

மடக்கு மேசையை மடக்கி வைத்தால் ஓர் அடிக்கு 3 அடி, அதாவது 3 சதுர அடி போதும். மிச்சம் 27 சதுர அடி. ஓர் ஒற்றைக் கட்டிலைப் போட்டு, பக்கத்தில் நடக்கவும் வழிவிடும் அளவு இது.

ஆனால், இந்தக் கணக்கில் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, மேசையை நீங்கள் தினமும் மடக்க வேண்டும். இரண்டு, நாற்காலியும் மடங்க வேண்டும். மேசை ஒதுங்கி, நாலு பெரிய நாற்காலிகள் ஹால் நடுவே நின்றால் ஒரு அடி இடம்கூட மிஞ்சாது.

நம்ம ஊர் மேசை எது?

மேசையில் சாப்பிடுவது நம் வீடுகளுக்குப் புதிது. தரைதான் மேசை, வாழையிலைதான் தட்டு. செட்டிநாட்டு வளவில் கல்யாணப் பந்தி போட்டாலும், மதுரை ஒண்டுக்குடித்தன வீட்டில் நாலு பேர் சாப்பிட்டாலும் முறை ஒன்றுதான். சாப்பிட்டு முடித்து, இலையை எடுத்து, துடைத்துவிட்டால் அதே இடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம். காலையில் பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினால் அது மறுபடியும் ஹால். ஒரே அறை நாள் முழுக்க வேஷம் மாற்றிக்கொண்டே இருந்தது.

எழுதுவதற்கும் அப்படித்தான். கடைகளிலும் வட்டிக்கடைகளிலும் கணக்குப்பிள்ளை தரையில் உட்கார்ந்து எழுதிய சாய்வு மேசைப்பெட்டி, மேலே எழுத்துப்பலகை, உள்ளே பணமும் கணக்குப் புத்தகமும் என்று இரண்டு வேலை பார்த்தது. கையில் தூக்கிக்கொண்டும் போகலாம்.

ஆக, இடத்தை மடக்கிப் பயன்படுத்தும் புத்தி நமக்குப் புதிதல்ல. மாறியது முழங்கால்தான். தரையில் உட்கார முடியாதவர்களும், நாள் முழுக்க லேப்டாப் பார்ப்பவர்களும் ஒரே வீட்டில் இருக்கும்போது மேசை தேவைப்படுகிறது. அந்த மேசையும் பாய் மாதிரி ஒதுங்க வேண்டும் என்பதுதான் ஆசை.

மதுரைக்கு இது எப்படி வந்தது?

நாம் இங்கே பேசும் மடக்கு மேசை வந்தது ஐரோப்பாவிலிருந்து. நடுவில் ஒடுக்கமான பலகை, இரண்டு பக்கமும் கீலில் தொங்கும் பலகைகள், கதவு போலத் திறந்து அவற்றைத் தாங்கும் கால்கள் என்ற ‘கேட்-லெக்’ வடிவம் இங்கிலாந்தில் 17-ம் நூற்றாண்டில் பரவியது. அதை இந்தியாவுக்கு இழுத்து வந்தவர்கள் கம்பெனி ராணுவ அதிகாரிகளும், பிறகு வந்த ஆங்கிலேய அதிகாரிகளும். கூடாரம் கூடாரமாக நகர்பவர்களுக்கு, கழற்றி மாட்டவும் மடக்கவும் கூடிய சாமான்களைத் தனியாகவே செய்தார்கள். ‘கேம்பெய்ன் ஃபர்னிச்சர்’ என்று இன்று பழம்பொருள் கடைகளில் சொல்லப்படுவது அதுதான். மூலைகளில் பித்தளைப் பட்டை, திருகிக் கழற்றும் கால்கள், குறுக்காக மடங்கும் கால்கள் இவற்றின் அடையாளம். வட இந்திய ஊரான ரூர்க்கியின் பெயரிலேயே, துணியும் தோல் வாரும் கொண்டு பூட்டும் ஒரு நாற்காலி உண்டு. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்த ‘ரூர்க்கி நாற்காலி’ பிற்கால ஐரோப்பிய டிசைனர்களையும் ஈர்த்தது.

மதுரை வட்டாரத்துக்கு ஐரோப்பிய மரச்சாமான்கள் வந்து சேரப் பல வழிகள் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 1834-ல் இங்கே பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள், 1845-ல் கொடைக்கானலில் தங்கள் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மோட்டார் போகும் மலைச்சாலை வந்தது 1910-களில். அதுவரை மேலே போன சாமான்கள் பெரும்பாலும் ஆட்களின் தலையிலும் தோளிலும்தான் ஏறின. கழற்ற முடியாத மேசை அங்கே பெரும் பாரம். 1870-களில் ரயில் வந்தது. 1890-களில் ஹார்வி மில் ஓடத் தொடங்கியது. இரண்டோடும் பங்களாக்களும், குவார்ட்டர்ஸும், ‘டிரான்ஸ்ஃபர்’ என்ற சொல்லும் வந்தன. கோச்சடைக்கும் இந்த மில் உலகத்தோடு தொடர்பு உண்டு. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970-களில் வடிவமைத்த மதுரை கிளப், மதுரா கோட்ஸுக்காகக் கட்டப்பட்டது. இன்று அது ஒரு நட்சத்திர ஹோட்டல்.

இன்னொரு பக்கம், பர்மாத் தேக்கு. செட்டிநாட்டு வீடுகளில் தூணாகவும் கதவாகவும் நின்ற மரம். 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது அந்த வியாபார உலகம் ஆட்டம் கண்டது. பராமரிக்க முடியாத வீடுகளின் சாமான்கள் மெல்ல மெல்ல வெளியே வந்தன. மதுரையிலிருந்து சுமார் 90 கி.மீ. தூரத்தில் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போனதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். மடக்கு மேசை இந்தியாவுக்கு வந்தது ஏழை வீட்டுக்காக அல்ல. ஊர் ஊராக மாற்றலாகிப் போகிறவருக்காக வந்தது. 11 மாத ஒப்பந்தத்தில் வீடு மாறிக்கொண்டே இருக்கும் இன்றைய ஐ.டி ஊழியரும் அதே நிலையில்தான் இருக்கிறார்.

எந்த வகை, யாருக்கு?

*கேட்-லெக்:* விரித்தால் நாலு முதல் ஆறு பேர். மடக்கினால் ஓர் அடி அகலம். குடும்பத்துக்கு ஏற்றது. குறை: கால்கள் அதிகம், முழங்கால் இடிக்கும். இந்தப் பழைய வடிவத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்பதற்கு ஐகியாவின் ‘நோர்டென்’ மேசையே சாட்சி. மடக்கினால் 26 செ.மீ., முழுக்க விரித்தால் 152 செ.மீ.

*பெம்ப்ரோக்:* 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரபலமான சின்ன மேசை. பக்கப் பலகைகளை மரத் தாங்கிகள் ஏந்தும், கால்கள் நகராது. ஒரு டிராயரும் இருக்கும். ஒருவர் அல்லது இருவர் வாழும் வீட்டில் சாப்பாடு, லேப்டாப் இரண்டுக்கும் சரி. நடுப்பலகை அகலம் என்பதால் மடக்கிய நிலையிலும் உபயோகப்படும்.

*சதர்லேண்ட்:* 19-ம் நூற்றாண்டு வடிவம். மூடினால் ஒரு ஜாண் அகலத்துக்கு வந்துவிடும். குறுகிய ஹாலுக்கு வரப்பிரசாதம். ஆனால், மடக்கி வைத்திருக்கும்போது இடித்தால் சாயும். ஓடி விளையாடும் குழந்தைகள் இருந்தால் யோசியுங்கள்.

*சீட்டு மேசை:* மேற்பலகை புத்தகம் போல இரண்டாக மடியும். மடித்தால் சுவரோர மேசை, விரித்தால் சதுரம். வேலை மேசையாக நன்றாக உழைக்கும்.

*கேம்பெய்ன் மேசை:* முழுசாகக் கழற்றிக் கட்டிவிடலாம். வீடு மாற்றும்போது வசதி. தினசரி மடக்கி விரிக்கத் தோதில்லை.

ஆன்டிக்கா, வின்டேஜா, வெறும் ‘ஃபினிஷ்’ஷா?

பொதுவாக 100 வருடத்துக்கு மேற்பட்டதை ஆன்டிக் என்பார்கள். அதற்குக் குறைந்த, ஆனால் ஒரு காலத்தின் அடையாளம் தாங்கியது வின்டேஜ். மூன்றாவது ஒன்று உண்டு: ‘ஆன்டிக் ஃபினிஷ்’. போன மாதம் செய்த மேசைக்குக் கறுப்புப் பாலிஷும் சங்கிலி அடியும் கொடுத்துத் தாத்தா காலத்துப் பொருளாக்குவது. புதுசாகச் செய்து புதுசு என்று விற்றால் தப்பில்லை. தாத்தா விலை கேட்டால்தான் தப்பு.

வயது மட்டுமே விலையை ஏற்றிவிடாது என்பதற்கு இங்கிலாந்து நல்ல உதாரணம். அங்கே ‘பிரவுன் ஃபர்னிச்சர்’ என்று அழைக்கப்படும் பழைய அடர்நிற மரச்சாமான்களின் விலை 2000-க்குப் பிறகு பெருமளவு சரிந்தது. ஆகவே ‘முதலீடு சார், வருஷா வருஷம் ஏறும்’ என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். மேசையை மேசையாக வாங்குங்கள்.

வாங்கும் முன் 7 சோதனைகள்

1. கவிழ்த்துப் பாருங்கள். மேல்பக்கம் பாலிஷ் பேசும். அடிப்பக்கம்தான் உண்மை பேசும். கேட்-லெக் மேசையில் கால் திறந்து மூடிய தடம், பலகையின் அடியில் வளைகோடாகத் தேய்ந்திருக்க வேண்டும். 80 வருடம் புழங்கிய மேசையில் அந்தத் தடமே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

2. திருகாணியைப் பாருங்கள். கூட்டல் குறி வெட்டு உள்ள ‘ஸ்டார்’ திருகாணி 1930-களில்தான் சந்தைக்கு வந்தது. ‘1890 மேசை’யில் அது இருந்தால், ஒன்று பிற்பாடு ரிப்பேர் ஆகியிருக்கிறது, அல்லது கதை தப்பு. எம்.டி.எஃப் பலகை தொழிற்சாலை அளவில் வந்ததே 1960-களில்.

3. பலகை சேரும் இடத்தைப் பாருங்கள். நல்ல மேசையில் நடுப்பலகையின் விளிம்பு குவிந்தும், பக்கப் பலகையின் விளிம்பு குழிந்தும் ஒன்றுக்குள் ஒன்று உருளும். பலகையை இறக்கினாலும் கீல் வெளியே தெரியாது. இந்த இணைப்பு இழைந்து ஓடினால், செய்தவர் கை தேர்ந்தவர். உரசிக்கொண்டு நின்றால் பலகை வளைந்திருக்கிறது.

4. வட்ட மேசை என்றால் டேப் வையுங்கள். மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, அகலவாக்கில் சுருங்கும். அதனால் நிஜமான பழைய வட்ட மேசை லேசாக நீள்வட்டமாகியிருக்கும். அச்சு அசல் வட்டம் என்றால் வயதைப் பற்றி இன்னொரு முறை கேளுங்கள்.

5. தட்டிப் பாருங்கள். கீழே வெள்ளைத்தாளை விரித்துக் காலைத் தட்டுங்கள். மாவு போலத் தூள் விழுந்தால் உள்ளே பூச்சி இன்னும் வேலை பார்க்கிறது. பழைய ஓட்டை மட்டும் இருந்து தூள் இல்லை என்றால், பூச்சி போய்விட்டதற்கு வாய்ப்பு அதிகம். தேக்கின் வைரம் பாய்ந்த பகுதி எளிதில் உளுக்காது. வெளிர்நிற ஓரப்பகுதியும் மட்ட மரங்களும் உளுக்கும்.

6. கையை ஊன்றிப் பாருங்கள். இது மிக முக்கியம். முழங்கால் வலி உள்ளவர்கள் மேசை விளிம்பில் கை ஊன்றித்தான் எழுவார்கள். விரித்த பலகையின் ஓரத்தில் அழுத்தினால் மேசை தூக்குகிறதா, தாங்கி நழுவுகிறதா? அப்படியென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

7. உயரம் அளங்கள். இன்றைய சாப்பாட்டு மேசை 29-30 அங்குலம். சில பழைய மேசைகள் குள்ளம். கீழ்ச்சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே 24 அங்குலமாவது இல்லையென்றால் தொடை இடிக்கும்.

வாங்கியாச்சு, அப்புறம்?

பழைய மேசையின் உண்மையான லாபம் அழகல்ல. ரிப்பேர் செய்ய முடியும் என்பதுதான். கட்டை மரத்தில் திருகாணி ஓட்டை பெரிதானால், ஒரு மரக்குச்சியைப் பசையோடு அடித்து, மறுபடி துளை போட்டுத் திருகலாம். பார்ட்டிகிள் போர்டில் ஒருமுறை கீல் பிய்ந்தால் அந்த இடம் பொலபொலவென உதிரும். தண்ணீர் பட்டால் ஊதும். மடக்கு மேசையில் கீலுக்கு வேலை அதிகம் என்பதால் இந்த வித்தியாசம் பெரிது. கேரண்டி கார்டைவிட, கீல் மாட்டியிருக்கும் மரம் எது என்பது முக்கியம்.

பழைய இணைப்புகளில் பெரும்பாலும் வஜ்ரப் பசைதான் இருக்கும். சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும் என்பதால், விவரம் தெரிந்த தச்சர் உடைக்காமலேயே பிரித்து மறுபடி ஒட்டிவிடுவார். பழைய பாலிஷ் அரக்கில் செய்தது என்றால், சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். அடியில் ஏதாவது தட்டு வையுங்கள். ‘பளபளன்னு ஆக்கித் தர்றேன்’ என்று மெஷின் போட்டுத் தேய்க்க மட்டும் விடாதீர்கள். இழைந்து ஓடும் அந்த இணைப்பு ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலும் மேசை கெட்டது.

பெயின்ட் அடித்த பழைய மேசை என்றால் இன்னும் எச்சரிக்கை. வீட்டுப் பெயின்ட்களில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம். என்று இந்தியா கட்டுப்படுத்தியதே 2016 விதிகளின் மூலம்தான். அதற்கு முந்தைய பெயின்டை வீட்டுக்குள் உலர்வாகத் தேய்த்தால் கிளம்பும் தூசு குழந்தைகளுக்கு ஆபத்து. இந்த வேலையை வெளியே கொடுத்துவிடுங்கள்.

மலையிலிருந்து வரும் மேசைக்கும் கவனம் தேவை. கொடைக்கானல் குளிரிலும் ஈரத்திலும் இருந்த மரம் மதுரை வெயிலுக்கு வந்தால் சுருங்கும், சில நேரம் வெடிக்கும். ஜன்னல் வெயிலும் ஏசி காற்றும் நேராகப் படாத இடமாகப் பாருங்கள்.

யார் வாங்க வேண்டாம்?

சாப்பிட்ட பிறகு உங்கள் மேசையில் என்னென்ன இருக்கிறது என்று இப்போதே ஒருமுறை பாருங்கள். மாத்திரை டப்பா, சார்ஜர், கரண்ட் பில், ஊறுகாய் ஜாடி... இவை நிரந்தரக் குடியிருப்பு என்றால் மடக்கு மேசை உங்கள் வீட்டில் மடங்கவே மடங்காது. முதலில் சுவரில் ஒரு சின்ன அலமாரி அடியுங்கள். அதன் பிறகும் மேல்பலகை காலியாகவில்லை என்றால், நிற்கிற மேசையே போதும். கீல் இடுக்கில் கை விடும் வயதுக் குழந்தை இருந்தாலும் இரண்டு வருடம் பொறுங்கள்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது

பழைய மேசையே கிடைக்க வேண்டும் என்பதில்லை. மதுரையிலும் சுற்று ஊர்களிலும் பழைய வீடுகள் இடிபடும்போது கதவும் நிலையும் உத்திரமும் விற்பனைக்கு வருகின்றன. ஒரு தேக்குக் கதவுப் பலகை, இரண்டு மடங்கும் இரும்புத் தாங்கிகள், ஒரு நல்ல தச்சர் இருந்தால் சுவரோடு மடங்கும் மேசை தயார். மரம் பல ஆண்டுகள் காய்ந்தது. இனி பெரிதாக வளையாது. உள்ளே ஒளிந்திருக்கும் பழைய ஆணிகளை முதலிலேயே பிடுங்கச் சொல்லுங்கள். ரம்பத்துக்கும் ஆளுக்கும் அது ஆபத்து.

ஆனால் சுவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போதைய பல ஃபிளாட்டுகளின் சுவர் செங்கல் அல்ல, ஏ.ஏ.சி பிளாக் அல்லது உள்ளீடற்ற கல். சாதாரண திருகாணி நிற்காது. அந்தச் சுவருக்கென்றே உள்ள ஆங்கர் வேண்டும். வாடகை வீடு என்றால், ஓட்டை போடும் முன் ஓனரிடம் ஒரு வார்த்தை.

சட்டம் என்ன சொல்கிறது?

வெளிநாட்டுக்கு மாறுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1972-ம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 வருடத்துக்குக் குறையாத, வரலாற்று மதிப்புள்ள பொருள் ‘தொல்பொருள்’ ஆகிவிடக்கூடும். அதைத் தனிநபர் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. உங்கள் மேசை அந்த வகையில் வராது என்றால், வராது என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொள்வது பாதுகாப்பு. ஈட்டி மரம் என்றால் இன்னொரு வேலியும் உண்டு. அந்த மரப் பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் என்ற சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மர வகையும் உத்தேச வயதும் அதில் எழுதப்பட்டிருக்கட்டும்.

ஆக மொத்தம்...

பழைய மடக்கு மேசையை வாங்குவது ரசனைக்கான செலவு மட்டுமல்ல. லட்சங்களில் வாங்கிய தரையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழி அது. ஓர் ஊரின் மரம் விறகாகப் போகாமல் காப்பதும், ரிப்பேர் தெரிந்த தச்சருக்கு வேலை கொடுப்பதும் அதனுடன் வரும் நன்மைகள். ஆனால், இவை எல்லாமே ஒரு பித்தளைக் கீலும் அதைப் பிடித்திருக்கும் மரமும் உறுதியாக இருந்தால்தான் நடக்கும். கடைக்காரர் பங்களா கதை சொன்னால் ரசித்துக் கேளுங்கள். கேட்டு முடித்ததும் மேசையைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். அடிப்பக்கம் சரியாக இருந்து, விளிம்பில் கை ஊன்றும்போது அசையாமல் நின்றால், 40 வருட மேசையாக இருந்தாலும் 140 வருட மேசையாக இருந்தாலும் தாராளமாக வீட்டுக்குக் கொண்டுவரலாம்.